மாயமாய்ப் போன வாடை

குழாய் உடைந்து தெரு முழுக்கக் கலங்கல் தண்ணீர் வந்த வாரம் அது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் குளோரின் மாத்திரையைக் குடத்தில் போட்ட கையோடு, ஆரஞ்சு ஜூஸ் பொடியையும் கொட்டிக் கலக்கிவிட்டு, அந்த வீட்டு மாப்பிள்ளை விஞ்ஞானி மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"குளோரின் வாடை மாயமாப் போச்சு பாத்தியா! எப்படின்னுதான் புரியல."

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. "வாடை மட்டும் போகலைங்க, குளோரினே போச்சு! பொடியில இருக்கிற வைட்டமின் சி அதைத் தீர்த்துக் கட்டிடும். கிருமியெல்லாம் இப்போ ஜாலியா ஜூஸ் குடிக்குது."

"அட! அப்போ எப்பத்தான் பொடி போடணும்?"

"மாத்திரை வேலையை முடிக்க அரை மணி நேரம் விட்டுட்டு. ஆமா, யாருக்கும் குடுத்துடலையே?"

மாப்பிள்ளை சற்று முன்புதான், மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்து நாலே நாளான மாமனாருக்கு ஒரு டம்ளர் கொடுத்து, காலி டம்ளரையும் வாங்கி வந்திருந்தார். அவர் கலக்கும் ஜூஸுக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே ரசிகர் மாமனார்தான்.

மனைவியும் பின்தொடர, அறைக்கு ஓடினார். "மாமா, ஜூஸைக் குடிச்சிட்டீங்களா?"

"பிரமாதம் மாப்ளே."

"குடிச்சீங்களா, இல்லையா?"

"நீங்க பாசமாக் கலக்கினதாச்சே..."

"மாமா, உங்க உயிர் விஷயம்!"

மாமனார் மகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இல்ல மாப்ளே. எல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான் போகுது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க கலக்கின எதையும் நான் வாயில வச்சதே இல்ல."