இருவரிடமும் தோற்றவர்

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் நின்றது.

"உங்களத்தாண்ணே கேக்குறோம்."

அண்ணே.

பதினான்கு வருடமாக இந்தப் பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் அவருக்குப் பெயர் ஊதல். செக்கர்ஸில் எதிராளியின் காயைத் தாண்டி வெட்ட வழியிருந்தும் ஒருவர் வெட்டாமல் விட்டால், வெட்டியிருக்க வேண்டிய காயை எதிராளி எடுத்து, ஃபூ என்று ஊதி, பலகைக்கு வெளியே வைத்துவிடலாம். ஓய்வறைச் சட்டம். காய் என்றால் சோடா மூடி. பலகை என்றால் பழைய ஊர்ப்பெயர்ப் பலகையின் முதுகு. ஊதப்படுவது பெரும்பாலும் அவருடைய மூடி.

கேள்வி இதுதான். எல்லாக் காலத்திலும் தலைசிறந்த செக்கர்ஸ் ஆட்டக்காரர் யார்?

எல்லாக் காலம் என்றால் பணிமனை திறந்த நாளிலிருந்து. உலகம் என்றால் சுற்றுச்சுவர் வரைக்கும். அதற்கு வெளியே ஆடுகிறவர்கள் ஏதோ ஆடிவிட்டுப் போகட்டும்.

ஓட்டுநர்கள் செபஸ்தியான் என்றார்கள். மெக்கானிக்குகள் இருளப்பன் என்றார்கள். செபஸ்தியான் பேப்பர் படித்துக்கொண்டே ஜெயிப்பார். இருளப்பன் ஸ்பானரைக் கீழே வைக்காமலே ஜெயிப்பார். சாப்பாட்டு நேரம் முழுக்கக் கத்தியாயிற்று. யாரோ மேஜையைக் குத்தியதில் யாருடைய ரசமோ கொட்டியது.

இருவரையும் ஆடவிட்டால் முடிந்துவிடும். ஆனால் ஒன்பது வருடமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்ததில்லை. ஒருவருக்கு இடுப்பு வலி. இன்னொருவருக்கு அதே நேரத்தில் அவசர வேலை.

மற்றபடி ஓட்டுநர்கள் ஓட்டுநர்களோடு ஆடுவார்கள். மெக்கானிக்குகள் மெக்கானிக்குகளோடு. கண்டக்டரான அவர் மட்டும்தான் கூப்பிட்டவரோடெல்லாம் ஆடுவார்.

நேரக் காப்பாளர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"ரெண்டு பேர்ட்டயும் தோத்த ஒரே ஆளு இவருதாம்ப்பா. வேற எவனுக்குத் தெரியும்?"

அறை யோசித்தது. மறுக்க வழியில்லை. ஒவ்வொருவரிடமும் இருநூறு முறைக்குக் குறையாமல் தோற்றிருந்தார். அவ்வளவு தகுதி வேறு யாருக்கும் இல்லை.

ஒரு நாற்காலி வந்தது. கை வைத்த நாற்காலி. ஓட்டுநர்கள் டீ சொன்னார்கள். மெக்கானிக்குகள் டீயோடு வடையும் சொன்னார்கள்.

பதில் அவருக்குத் தெரியும். ஒரே ஒரு பெயர். சொல்லிவிட்டால், வடை தீர்வதற்குள் நாற்காலி போய்விடும்.

இதுவரை இந்த அறையில் யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை. மணி கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

"ஆளுக்கொரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார்.

இருளப்பன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

இருளப்பன் யோசித்து அவர் பார்த்ததில்லை. இன்று யோசித்தார். கிரீஸ் கையால் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து யோசித்தார். நெற்றி கறுத்தது. யோசித்த யோசனையில், தள்ளக் கூடாத கட்டத்தில் ஒரு மூடியைத் தள்ளினார்.

அவர் பார்த்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒரே வெட்டில் மூன்று மூடி.

பதினான்கு வருடத்தில் முதன்முறை.

சுற்றி நின்ற பதினேழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பக்கமிருந்து வெட்டு வரும் என்று யாரும் எப்போதும் தேடியதில்லை.

வெட்டினால் ஜெயித்துவிடுவார். அவரிடம் தோற்ற இருளப்பன் தலைசிறந்தவராக இருக்கவே முடியாது. மிச்சம் செபஸ்தியான் ஒருவர்தான். அப்புறம் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. நாளைக்கு மறுபடியும் பெஞ்சின் ஓரம்.

கடைசித் துண்டு வடையை வாயில் போட்டுக்கொண்டார். ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு மூடியை ஒரு கட்டம் தள்ளினார்.

இருளப்பன் பலகையைப் பார்த்தார். கண் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்து நின்றது.

வெட்டியிருக்க வேண்டிய மூடியை எடுத்தார். வாயருகே கொண்டுபோனார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். அது அமைதியாக மென்றுகொண்டிருந்தது.

ஊதவில்லை.

மூடியைச் சட்டையில் துடைத்தார். "கிரீஸு" என்று பொதுவாகச் சொன்னார். இருந்த கட்டத்திலேயே வைத்தார்.

"அண்ணனுக்கு இன்னொரு வடை சொல்லுங்கடா."

பிறகு அவர் வழக்கம்போலத் தோற்றார். நாற்பது நிமிடம் பிடித்தது.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. மூன்று நாற்பது வண்டி நான்கு மணி வரை நின்றது. நேரக் காப்பாளர் பதிவேட்டில் டயர் என்று எழுதினார்.

அவர் பையை மாட்டிக்கொண்டு பின்படியில் ஏறினார். வண்டி நிறைய ஆட்கள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. உள்கண்ணாடியில் செபஸ்தியானின் கண்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தன.

"நாளைக்கு என் ஆட்டம் எத்தன மணிக்குண்ணே? நான் பேப்பர் கொண்டுவர மாட்டேன்."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். படியில் நின்றவர்களை உள்ளே போகச் சொன்னார். டிக்கெட் கட்டை உள்ளங்கையில் தட்டிச் சமன் செய்தார்.

ஐம்பத்தெட்டுப் பயணிகளும் ஒரு ஓட்டுநரும் காத்திருந்தார்கள்.

விசிலை உதட்டில் வைத்தார்.

உடனே ஊதவில்லை.