சுருதி சேர்க்கத் தெரியாதவர்

பல் டாக்டருக்கு யுகுலேலே வாசிக்க வந்ததே தவிர, சுருதி சேர்க்க மட்டும் சுட்டுப் போட்டாலும் வரவில்லை. நைலான் தந்திகள் ராத்திரிக்குள் தொய்ந்துவிடும். “குடுங்க இங்க, காது கிழியுது” என்று மனைவிதான் பிடுங்கிச் சரிசெய்து தருவாள்.

அவள் இறந்த பிறகும், காலையில் எடுத்தால் சுருதி சுத்தமாக இருந்தது. அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

போன மாதம் மகள் ஒரு டியூனர் வாங்கிவந்தாள். “இனிமே நீங்களே சேர்த்துக்கலாம்ப்பா.” சொல்லிக்கொடுத்தாள். அவரே சரியாகச் சேர்த்ததும் கைதட்டினாள்.

மறுநாள் காலை தந்திகள் தொய்ந்திருந்தன. அதற்கடுத்த நாளும்.

டியூனரைக் குப்பையில் போட்டார். இப்போதெல்லாம் சாயங்காலம் வேண்டுமென்றே அபஸ்வரமாக வாசித்துவிட்டு, யுகுலேலேயைக் காலி நாற்காலிப் பக்கம் நீட்டுகிறார்.

“காது கிழியலையா உனக்கு?”