மணல் வரப்பு

கோவில்பட்டி டூரிங் கொட்டகைத் திரையில், செத்துப்போன ஜமீன்தார் பேயாக நின்று, பஞ்சு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்க, களத்தில் குவிந்த கம்புத் தானியத்தில் பாதியைக் கேட்டு உறுமுகிறார். தரை டிக்கெட்டுச் சனம் அலறுகிறது. ஊரான் நிலத்தை, விளைச்சலில் பாதி கொடுக்கும் வாரத்துக்கு உழும் ராமசுப்பு மட்டும் அலறாமல், பெண்டாட்டி சீனித்தாயிடம், "ஜமீனை ஒழிச்சாச்சுங்காவ. செத்தும் களத்தை விடலையே, பாத்தியாட்டி?" என்கிறான். அவன் விரல்கள் முன்னால் கிடக்கும் மணலைக் கூட்டிக் கூட்டி நாலு பக்கமும் வரப்புக் கட்டுகின்றன. மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை அறுக்கவும் பேய் புகையாகிறது. ஜமீன்தார் மகன் குதிரையேறிப் புஞ்சைகளைப் பார்த்துச் சிரிக்கிறான். சுபம் போட்டு, விளக்கும் போட்டாச்சு. "பேயி போயிட்டு. நெலம் மவனுக்குல்லா போயிட்டு" என்று முனகும் ராமசுப்பு எழுந்திருக்கவில்லை. பின்னாலிருந்த ஒருவர் துண்டை உதறிக்கொண்டு தாண்டக் காலெடுக்கிறார். சீனித்தாய் கையை நீட்டி மறிக்கிறாள்.

"அண்ணாச்சி, எங்க வரப்பு. மிதிச்சிராதீய."