ஆறாவது படகின் அடிப்பலகை

முப்பது ஆண்டுகள் சங்கு குளித்த கஸ்பாருக்குக் கரையில் உறக்கம் பிடிப்பதில்லை. பழைய பாய்மரப் படகொன்றை வாங்கி அதிலேயே குடியிருந்து, முக்குளித்தும் மீன்பிடித்தும் மீதி நாள்களைக் கழித்துவிட வேண்டும் என்ற தவிப்பு, அவனைத் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழித்தது. போகுமிடமெல்லாம் அவன் நீருக்குள் இறங்கி அடிப்பலகையைச் சோதிப்பான். மனைவி செலஸ்தீனாள் உள்ளறையைச் சோதிப்பாள். இதுவரை ஐந்து படகுகளை அவள் வேண்டாமென்று தள்ளியிருந்தாள்.

“இதுலயும் நிமிந்தா தல இடிக்குது. உமக்குச் செவுள் இருக்கு, நீரு கெடப்பீரு. நான் என்ன மீனா?”

“ஏட்டி, இத விட்டா நம்ம வசதிக்கு வேற படகு கெடையாது. நல்லாப் பாத்துச் சொல்லு” என்று கெஞ்சிவிட்டு, கஸ்பார் ஆறாவது படகின் அடியில் மூழ்கினான்.

பலகைக்கு மேலே அவளுடைய காலடிகள் கேட்டன. நான்கு எட்டு முன்னே, நான்கு எட்டு பின்னே, ஓயாத நடை. அவன் கத்தி முனையால் ஒவ்வொரு பலகையாகக் குத்திப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். எல்லாம் உறுதியாக இருந்தன. திடீரென்று நடை நின்றது. அடுத்து எழுந்த ஒலி, சனிக்கிழமைதோறும் வீட்டில் அவன் கேட்கும் ஒலி. செலஸ்தீனாள் தேங்காய் நாரால் தரையைத் தேய்த்துக் கழுவத் தொடங்கியிருந்தாள். முந்தைய ஐந்து படகுகளில் எதிலும் அவள் நாரைக் கையில் எடுத்ததில்லை.

அந்நேரம் கத்தி, வெந்த கிழங்கில் இறங்குவதுபோல், பலகைக்குள் பாதிவரை இறங்கியது.

மூச்சு முட்டியது. மேலே போனால் சொல்லியாக வேண்டும். கத்தியை உருவிக்கொண்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்தியபடி, அவள் தேய்த்து முடிக்கட்டுமென்று கஸ்பார் அங்கேயே கிடந்தான்.