கீதத்துக்கு நிற்பவன்

கும்மிடிப்பூண்டி முகாம் வீட்டின் தகரக்கூரை வெயிலில் தகிக்கிறது. சுகந்தனை இந்திய கால்பந்து அணியும் இலங்கை அணியும் அழைத்திருக்கின்றன. "இங்க பெஞ்சுலயே உக்கார வெச்சிருவாங்க. இலங்கைக்கே ஆடுறேன்பா," என்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த அப்பா தவராசா, இலங்கை ராணுவம் சுட்டுக் கொன்ற தன் தம்பியின் படத்துக்கு முன் மகனை நிறுத்துகிறார். "அவங்கட தேசிய கீதத்துக்கு நிக்கத்தானே போறாய்? இப்பவே நிண்டு பழகு." சுகந்தன் கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்கிறான். உருக்காலைப் புகை வாசலில் இறங்குகிறது. அப்பா அவன் எதிரிலேயே உட்கார்ந்து மீன்குழம்புச் சோற்றை நிதானமாகப் பிசைந்து சாப்பிடுகிறார். "பிராக்டீஸ் முட்ச்சிகினு வந்த புள்ளய்யா, தண்ணியாவது குட்சிக்கட்டும்," என்று கவரைப்பேட்டைக்காரியான அம்மா சொம்பை நீட்டுகிறாள். அப்பா அதை வாங்கித் தன் கையைக் கழுவிக்கொள்கிறார். "கீதம் இன்னும் முடியேல்லை."