சிவலையின் கால்

சிவலைக் கோழிக்குத் தன் முட்டையைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. உருண்டு விழுந்தாலும் உடையாது. கால்தான் மோசம், கொஞ்ச நாளாகவே நடுங்குகிறது. இருட்டுவதற்குள் முருங்கைக் கிளையில் ஏறாவிட்டால் கீரி தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரு நாள் எவ்வளவு தாவியும் ஏற முடியவில்லை.

"முட்டை கல்லு மாதிரி இருக்கு, காலு மட்டும் ஏன்டி வெடவெடங்குது?" என்றது மங்கா வாத்து.

"வயசாயிடுச்சு."

"மண்ணாங்கட்டி. தீனியில நொய்யை மட்டும் பொறுக்கிட்டு கிளிஞ்சலை எத்தித் தள்ளுற. அப்புறம் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கேருந்து வரும்? உன் எலும்பைக் கரைச்சுத்தான் வருது."

சிவலைக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மங்காவின் முதுகை மிதித்துத்தான் கிளையேறியது.

மறுநாளிலிருந்து கிளிஞ்சலைக் கொத்தி விழுங்கியது. ருசியே இல்லை. கால் உடனே தேறவும் இல்லை. மங்கா தினமும் திட்டியது, தினமும் முதுகைக் கொடுத்தது.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் சிவலை தானாகவே தாவி ஏறிவிட்டது.

"மங்கா, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடி."

"எனக்கெதுக்கு? உன் காலுக்குச் சொல்லு. நீ ஒண்ணுமே தராதப்பவும் அது உன் முட்டைக்கு வாரி வாரிக் குடுத்துச்சே."

மங்கா குளத்துப் பக்கம் போகும்வரை சிவலை காத்திருந்தது. பிறகு குனிந்து, தன் காலை அலகால் மெதுவாகக் கோதிவிட்டது.