தம்பியின் ஈசிஜி

காலை ஆறே கால். அத்திப்பட்டு வீட்டு வாசற்படியில் மதிவாணன் ஷூவுக்குக் கயிறு கட்டுகிறான். இடது கை எழவில்லை; வலது கையால் மட்டும் கட்டுவதால் முடிச்சு விழவில்லை. பக்கத்தில் இரண்டு காலி சோடா பாட்டில்கள். கொடியில் காயும் சட்டைமேல் நிலக்கரிச் சாம்பல் படிந்திருக்கிறது. வேர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிறது. “ஆட்டோ நின்னுகினு கீது, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா” என்று மனைவி ஹேமாவதி நான்காவது முறையாகச் சொல்கிறாள். “வாயுதான் ஹேமா. பேஜார் பண்ணாத. போன மாசம் எடுத்த ஈசிஜியில நார்மல்னு போட்டுக்கிறாங்க, பாரு.” மடித்த தாளை நீட்டுகிறான். அனல்மின் நிலைய கேட் பாஸுக்காக எடுத்த சோதனை அது. பிரஷர் இருந்தால் பாஸ் தரமாட்டார்கள் என்று பயந்து, தன் அடையாள அட்டையைக் கொடுத்துத் தம்பி விமலை அனுப்பியிருந்தான். இருவருக்கும் ஒரே முகச்சாடை, யாரும் கேட்கவில்லை. அன்று விமலுக்கு நாஷ்டா கொடுத்து அனுப்பியவளும் ஹேமாவதிதான். தாளில் ஒழுங்காக ஏறி இறங்கும் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. அவன் சுவரைப் பிடித்து எழுகிறான். அவள் தாளைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். “யோவ், இது உன் தம்பி நெஞ்சுய்யா. உன் நெஞ்ச எவன்யா பாத்தான்?”